கட்சி ரத்தத்தில் ஊறுமா? அரசியல் நம்பிக்கை பிறவியா, வளர்ப்பா, நம் தேர்வா

டீக்கடையில் அரசியல் பேச்சு சூடாகும்போது கவனித்துப் பாருங்கள். எதிர்க்கட்சிக்காரரைப் பற்றி, “அவங்க குடும்பமே அப்படித்தான், ரத்தத்துலயே ஊறிப்போச்சு” என்பார்கள். சொந்தப் பிள்ளை வேறு பக்கம் போய்விட்டால், “காலேஜ்ல சேர்க்கை சரியில்ல, அங்கதான் மாறிட்டான்” என்பார்கள். தன்னைப் பற்றிக் கேட்டால் மட்டும், “நான் எல்லாத்தையும் யோசிச்சுத்தான் இந்தப் பக்கம் நிக்கிறேன்.” அடுத்தவருக்குப் பிறவி, பிள்ளைக்கு வளர்ப்பு, தனக்குச் சிந்தனை. ஆளுக்குத் தகுந்த விளக்கம் கையிருப்பில் இருக்கிறது.

ஆய்வாளர்களும் இதில் ஒரே நிலையில் நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அரசியல் அறிவியல் படித்தவர்கள், ‘எல்லாம் வீட்டிலும் பள்ளியிலும் கற்றது’ என்றே எழுதினார்கள். 1986-ல் ஆஸ்திரேலிய, பிரிட்டன் இரட்டையர்களை வைத்து வந்த ஆய்வு அதை அசைத்தது. 2005-ல் அமெரிக்க இரட்டையர்களை வைத்து வந்த கட்டுரைக்குப் பிறகு ‘அரசியல் மரபணு’ என்று பத்திரிகைகள் தலைப்புப் போடத் தொடங்கின. இன்று இணையத்தில் அடிக்கடி கண்ணில் படும் ‘அரசியல் 40 சதவீதம் பிறவி’ என்ற வரி இந்த வகை ஆய்வுகளிலிருந்து வந்ததுதான். அந்த வரியை மேற்கோள் காட்டுபவர்களில் பெரும்பாலானோர் அதைத் தப்பாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். அது என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று படிப்படியாகப் பார்ப்போம்.

ஒரு சொல்லுக்குள் மூன்று சரக்கு

பாகற்காயை எடுத்துக்கொள்ளுங்கள். கசப்பு சிலருடைய நாக்கில் அதிகமாக உறைக்கும், சிலருக்கு அவ்வளவாகத் தெரியாது. இந்த வேறுபாட்டில் பிறவிக்கு ஒரு பங்கு உண்டு. பாகற்காயை வெல்லம் போட்டுச் சமைப்பதா, மோரில் ஊறவைத்து வற்றலாகப் போடுவதா என்பது வீட்டில் பழகியது. இன்று மதியம் ஹோட்டலில் பாகற்காய்ப் பொரியலை இரண்டாம் தடவை கேட்டு வாங்குவது அந்த நேரத்து முடிவு. ‘பாகற்காய் பிடிக்கும்’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் இந்த மூன்றும் இருக்கின்றன.

‘அரசியல் நம்பிக்கை’யும் இப்படித்தான். அடியில் இருப்பது மனப்போக்கு: புதியதைக் கண்டால் ஆர்வமா, தயக்கமா, ஒழுங்கு குலைந்தால் எவ்வளவு பதறுகிறோம், மேலிருப்பவர் சொன்னால் கேட்கத் தோன்றுகிறதா, எதிர்க்கத் தோன்றுகிறதா. அதற்கு மேல் நிலைப்பாடு: மரண தண்டனை வேண்டுமா, மதுவிலக்கு வேண்டுமா என்பது போன்ற குறிப்பிட்ட கேள்விகளுக்கு நம் பதில். அதற்கும் மேலே கட்சிப் பற்று: எந்தக் கொடி நம் கொடி.

இந்த மூன்றுக்கும் மூலம் ஒன்றே என்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. ஒருவர் மனப்போக்கைப் பற்றிப் பேசுவார், எதிரே இருப்பவர் கட்சியைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

பத்து வீட்டுக் குழம்பு

‘40 சதவீதம் பிறவி’ என்றதும், தன் மூளையில் பத்து நம்பிக்கை இருந்தால் நான்கு பெற்றோர் கொடுத்தது, ஆறு தான் சம்பாதித்தது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவே இல்லை.

ஒரு கிண்ணம் புளிக்குழம்பைக் காட்டி, ‘இதன் ருசியில் புளி எத்தனை சதவீதம்?’ என்று கேட்டால் பதில் கிடையாது. புளி இல்லாவிட்டால் அது குழம்பே இல்லை. உப்பு இல்லாவிட்டாலும் வாயில் வைக்க முடியாது. இரண்டும் சேர்ந்து கொதித்த பிறகு, ருசியைப் பங்கு பிரிக்க முடியாது.

ஆனால் ஒரு தெருவில் பத்து வீட்டுக் குழம்பையும் வரிசையாக ருசித்துவிட்டு, ‘இவை ஒன்றுக்கொன்று ஏன் வேறுபடுகின்றன?’ என்று கேட்கலாம். பத்து வீட்டாரும் ஒரே கடையில் ஒரே புளியை வாங்கி, ஒரே அளவு போட்டிருந்தால், வேறுபாட்டில் புளியின் பங்கு பூஜ்யம். வேறுபாடு முழுவதும் மிளகாயிலிருந்தும் உப்பிலிருந்தும் வந்திருக்கும். அடுத்த மாதம் ஐந்து வீட்டார் பழம்புளிக்கு மாறினால், திடீரென்று புளியின் பங்கு ஏறிவிடும். புளியின் இயல்பு எதுவும் மாறவில்லை. தெருவில் உள்ள வேறுபாடு மட்டுமே மாறியது.

ஆய்வாளர்கள் அளப்பதும் இதையே. ஒரு மக்கள் கூட்டத்துக்குள் ஆட்களுக்கு இடையே இருக்கும் வேறுபாட்டில், எவ்வளவு அவர்களுடைய மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்ற அளவுக்கு மரபுவழிப் பங்கு என்று பெயர் வைத்துக்கொள்வோம். அது கூட்டத்தின் எண்; தனி ஆளுக்குப் பொருந்தாது. இடம் மாறினால், காலம் மாறினால், எண்ணும் மாறும்.

இதுவரை பார்த்ததில் இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மனப்போக்கு, நிலைப்பாடு, கட்சிப் பற்று மூன்றும் வேறு வேறு. சதவீதம் என்பது ஆட்களுக்கு இடையிலான வேறுபாட்டைப் பற்றியது.

இரட்டையர் கணக்கு

இந்தப் பங்கை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மரபணுவைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், இரட்டையர்களை வைத்தே போட்டுவிடக்கூடிய கணக்கு இது.

இரட்டையரில் இரு வகை. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறப்பவர்கள் ஒரு கரு இரட்டையர். இவர்களுடைய மரபணு அநேகமாக முழுவதும் ஒன்று. இரண்டு தனிக் கருக்கள் ஒரே சமயத்தில் வளர்ந்து பிறப்பவர்கள் இரு கரு இரட்டையர்; சாதாரண உடன்பிறந்தவர்களைப் போல, ஆளுக்கு ஆள் வேறுபடும் மரபணுக்களில் சராசரியாகப் பாதி ஒத்திருக்கும். இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே வயதில், ஒரே பெற்றோரிடம் வளர்கிறார்கள். ஆக, ஒரு கரு இரட்டையர் கூடுதலாக ஒத்துப்போனால், அந்தக் கூடுதல் ஒற்றுமை மரபணுவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது வாதம்.

கணக்கு எளிது. இரண்டு பேருடைய பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை 0 முதல் 1 வரையான எண்ணாகச் சொல்வது ஒட்டுறவு. 0 என்றால் சம்பந்தமே இல்லை, 1 என்றால் அச்சு அசல். உதாரணத்துக்கு, ஒரு கரு இரட்டையரிடம் ஒட்டுறவு 0.65, இரு கரு இரட்டையரிடம் 0.45 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: 0.65-லிருந்து 0.45-ஐக் கழித்தால் 0.20. இது மரபணுவின் பாதி தந்த கூடுதல். முழுவதற்கு இரண்டால் பெருக்கினால் 0.40. மரபுவழிப் பங்கு 40 சதவீதம்.

இரண்டாம் படி: ஒரு கரு இரட்டையரின் மொத்த ஒற்றுமை 0.65-ல் மரபணுவின் 0.40 போக மீதி 0.25. இது இருவரையும் ஒரே மாதிரி ஆக்கிய வீடு, தெரு, பெற்றோர். இதற்குப் பொதுச்சூழல் என்று பெயர்.

மூன்றாம் படி: 1-லிருந்து 0.65-ஐக் கழித்தால் 0.35. மரபணுவும் வீடும் ஒன்றாக இருந்தும் இருவரும் வேறுபடும் அளவு இது. பெயர் தனிச்சூழல். ஒருவருக்கு வாய்த்த வாத்தியார், இன்னொருவருக்கு வாய்த்த நண்பன், ஒருவருக்கு மட்டும் வந்த நோய், எல்லாம் இதில் அடங்கும். கேள்வித்தாளை அரைத்தூக்கத்தில் நிரப்பியதால் வந்த பிழையும் இதற்குள்தான் விழும். இந்தக் கடைசி விவரத்தைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இந்த முறைக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒரு கரு இரட்டையருக்கு ஒரே சட்டை தைத்து, ஒரே வகுப்பில் சேர்த்து, ஊரே ஒருவரை மற்றவராக நினைத்து நடத்துகிறது. அவர்கள் கூடுதலாக ஒத்துப்போவதற்கு இதுவும் காரணமாகலாம். அப்படியானால் மரபணுக் கணக்கு ஊதிப்போயிருக்கும். இரண்டாவது பலவீனம் எதிர்த்திசையில் இழுக்கிறது. மேற்கில் கணவன் மனைவி அரசியலில் பெரும்பாலும் ஒத்த கருத்துள்ளவர்களாகவே சேர்கிறார்கள். பெற்றோர் இருவரும் ஒரே மாதிரி இருந்தால், இரு கரு இரட்டையரின் மரபணு ஒற்றுமை பாதிக்கு மேல் போய்விடும். அப்போது மரபுவழிப் பங்கு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். ஆகவே 40 என்பதைத் தராசில் நிறுத்த எடையாக எண்ணாதீர்கள். கண்ணளவில் சொன்ன மதிப்பு அது.

உண்மையான எண்கள்

2005-ல் அமெரிக்க அரசியல் அறிவியல் இதழில் ஆல்ஃபோர்ட், ஃபங்க், ஹிப்பிங் என்ற மூவர் வெளியிட்ட கட்டுரை 28 தலைப்புகளில் இரட்டையர்களின் கருத்தை எடுத்துக்கொண்டது. மரண தண்டனை, பள்ளியில் பிரார்த்தனை, சொத்து வரி என்று போகும் அந்தப் பட்டியலில் ஜோதிடமும் நவீன ஓவியமும்கூட இருந்தன. பதில்களை ஒட்டுமொத்தமாகச் சேர்த்துப் பார்த்தபோது மரபுவழிப் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் ‘உங்கள் கட்சி எது?’ என்ற கேள்விக்கு அது வெறும் 14 சதவீதம். பொதுச்சூழலின் பங்கு 41.

அந்தக் கட்டுரையில் தலைப்புச் செய்தியாகியிருக்க வேண்டியது இதுதான். மனப்போக்கை ஒட்டிய பொதுச் சாய்வில் மரபணுவின் நிழல் தெரிகிறது. கட்சியிலோ மரபணுவைவிட வீட்டின் கைதான் ஓங்கியிருக்கிறது. ‘ரத்தத்திலேயே ஊறிப்போச்சு’ என்று எதைச் சொல்கிறோமோ, அந்தக் கொடி, அந்தச் சின்னம், அதுதான் ரத்தத்தோடு மிகக் குறைவாகச் சம்பந்தப்பட்டது. மூன்று தலைமுறையாக ஒரே சின்னத்துக்கு வாக்களிக்கும் குடும்பத்தில் கைமாறி வருவது பெரும்பாலும் வீட்டுச் சுவரில் மாட்டிய படமும் சாப்பாட்டு நேரப் பேச்சும்தான்.

2009-ல் வந்த இன்னொரு ஆய்வு வயதைச் சேர்த்துப் பார்த்தது. 9 முதல் 17 வயது வரை ஒரு கரு இரட்டையரும் இரு கரு இரட்டையரும் அரசியல் கருத்தில் ஏறக்குறைய ஒரே அளவுக்கு ஒத்துப்போனார்கள். மரபணுவின் தடயமே இல்லை, வீட்டின் செல்வாக்கே எல்லாம். இருபது வயதை ஒட்டி, பெற்றோர் வீட்டைவிட்டு வெளியேறியவர்களிடம் மட்டும் படம் மாறியது. இரு கரு இரட்டையர் விலகத் தொடங்கினார்கள். ஒரு கரு இரட்டையர் தொடர்ந்து ஒத்திருந்தார்கள்.

பிறவிக் குணம் என்றால் குழந்தையிலேயே தெரிய வேண்டும், வயதாக ஆக மங்க வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்ற கணக்கு அது. நடப்பது தலைகீழ். வீட்டில் இருக்கும்வரை எல்லோருக்கும் ஒரே சமையல். வெளியே வந்த பிறகுதான் எந்த நண்பன், எந்தப் பத்திரிகை, எந்த ஊர் என்று ஆளாளுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எடுப்பில் மனப்போக்கு கைவைக்கிறது. மரபணு நேரடியாகக் கருத்தைத் தருவதில்லை. எந்தச் சூழலைத் தேடிப் போவோம் என்பதை லேசாகச் சாய்க்கிறது; மீதியைச் சூழல் பார்த்துக்கொள்கிறது.

தோடும் கடுக்கனும்

மரபுவழிப் பங்கு அதிகம் என்பதால் அதற்கென்று மரபணு இருக்கிறது என்று ஆகிவிடாது. இன்றைய தமிழ்நாட்டில் காதில் தோடு போடுபவர்கள் யார்? பெரும்பாலும் பெண்கள். ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது குரோமோசோம். ஆகவே ‘காதணி அணிதல்’ என்ற பழக்கத்தில் ஆட்களுக்கிடையே உள்ள வேறுபாடு மரபணு வேறுபாட்டோடு அப்படியே சேர்ந்து போகும். கணக்குப் போட்டால் மரபுவழிப் பங்கு மிக உயரத்தில் நிற்கும். தோட்டுக்கு மரபணு உண்டு என்று யாராவது சொல்வோமா? நூறு வருடம் முன்னால் போனால் தாத்தாக்களும் கடுக்கன் போட்டிருந்தார்கள். அப்போது அதே கணக்கு சரிந்திருக்கும். மாறியது சமூக வழக்கம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கையில் ஐந்து விரல் இருப்பது முழுக்க மரபணுவின் வேலை. ஆனால் விரல் எண்ணிக்கையில் ஆட்களுக்குள் இருக்கும் வேறுபாடு பெரும்பாலும் விபத்தால், இயந்திரத்தில் மாட்டியதால் வருவது. அதனால் மரபுவழிப் பங்கு மிகக் குறைவாக வரும்.

மரபணுவிலிருந்து வாக்குச்சாவடி வரை

அந்த மரபணு எது என்று நேரடியாகத் தேடியும் பார்த்தார்கள். ஆஸ்திரேலியா, ஹங்கேரி, டென்மார்க், ஸ்வீடன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் 12,000-க்கும் மேற்பட்ட இரட்டையர் ஜோடிகளைச் சேர்த்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில் மரபுவழிப் பங்கு மறுபடியும் 40 சதவீதத்தை ஒட்டியே வந்தது. அதே கட்டுரையில் மரபணுத் தொகுதி முழுவதையும் துழாவியபோது, இதுதான் என்று உறுதியாகக் கைகாட்டும்படி ஒரு தனி மரபணு இடமும் சிக்கவில்லை. ஆச்சரியமும் இல்லை. உயரம் போன்ற எளிய உடல் அளவுக்கே ஆயிரக்கணக்கான மரபணு இடங்கள் ஆளுக்கொரு துளி சேர்க்கின்றன. ‘அரசியல் மரபணு கண்டுபிடிப்பு’ என்ற தலைப்பைப் பார்த்தால் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

இடையில் இருக்கும் சங்கிலியை, அதாவது மூளை, உடல், குணம் ஆகியவற்றைத் தேடிய ஆய்வுகளின் கதை இன்னும் சோகம். 2008-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, பயமுறுத்தும் படத்துக்கும் திடீர்ச் சத்தத்துக்கும் உடல் அதிகமாகத் திடுக்கிடுபவர்கள் பழமைவாதப் பக்கம் சாய்கிறார்கள் என்றது. சோதிக்கப்பட்டவர்கள் 46 பேர், எல்லோரும் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துக்காரர்கள். 2020-ல் வேறு குழு 202 பேரிடம் அதே சோதனையைச் செய்தபோது அந்த உறவு கிடைக்கவில்லை. 2011-ல் லண்டனில் 90 மாணவர்களின் மூளையைப் படம் பிடித்து, பழமைவாதிகளுக்கு அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி பெரிது என்றும், முற்போக்காளருக்கு வேறொரு பகுதி பெரிது என்றும் எழுதினார்கள். 2024-ல் நெதர்லாந்தில் 928 பேரிடம் திரும்பப் பார்த்தபோது, அமிக்டலா உறவு மிகச் சிறியதாகச் சுருங்கியது, மற்றொன்று கிடைக்கவேயில்லை.

எல்லாவற்றையும் விட வேடிக்கை, குணத்துக்கும் அரசியலுக்கும் உள்ள உறவைப் பற்றி 2012-ல் வந்த ஒரு கட்டுரை. தரவில் எண்களுக்குப் பொருள் கொடுத்தபோது ‘பழமைவாதி’யும் ‘முற்போக்காளர்’ என்பதும் இடம் மாறிப்போய்விட்டன. எந்தக் குணம் எந்தப் பக்கம் என்று அவர்கள் சொன்னது அப்படியே தலைகீழ். 2016-ல் திருத்தம் வெளியானது. நான்கு வருடம் யாருக்கும் உறுத்தாமல் அது மேற்கோள் காட்டப்பட்டுவந்தது. படித்தவர்கள் எதிர்பார்த்ததையே அது சொன்னதால் உறுத்தவில்லை போலும்.

ஆக, பிறவிக்குப் பங்கு உண்டு, அது மனப்போக்கின் மட்டத்தில், மிகப் பல துளிகளாக இருக்கிறது. அது எந்த வழியாக வேலை செய்கிறது என்பதற்கான உறுதியான வரைபடம் இன்னும் இல்லை.

வளர்ப்பு: வீடு, வயது, குலுக்கல் சீட்டு

1965-ல் அமெரிக்காவில் 97 பள்ளிகளிலிருந்து இறுதி வகுப்பு மாணவர்கள் 1,669 பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் தனித்தனியே பேட்டி எடுத்தார்கள். கட்சியில் பத்தில் ஆறு பிள்ளைகள் பெற்றோரோடு ஒத்துப்போனார்கள். குறிப்பிட்ட நிலைப்பாடுகளில் ஒற்றுமை வெகுவாகக் குறைந்தது. கட்சி எளிதாகக் கைமாறுகிறது, ஏனென்றால் அது ஒற்றைச் சொல். வீட்டில் தினமும் காதில் விழும். வரிக் கொள்கை அப்படிக் காதில் விழுவதில்லை.

வீட்டுக்கு அடுத்து, பதினேழு பதினெட்டு முதல் இருபத்தைந்து வரையான வயது. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்து பென்னிங்டன் கல்லூரியில் 1930-களில் படித்த பெண்கள் பெரும்பாலும் வசதியான, பழமைவாதக் குடும்பத்தினர். 1936 அதிபர் தேர்தலில் முதலாண்டு மாணவிகளில் 62 சதவீதம் குடியரசுக் கட்சியின் லாண்டனை ஆதரித்தார்கள். மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவிகளிடம் அது 15 சதவீதம். அந்தக் கல்லூரியில் மதிப்புப் பெற்ற கருத்து, லாண்டனை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் பக்கம் இருந்தது. பல பத்தாண்டுகள் கழித்துத் தேடிப்போய்க் கேட்டபோதும் பெரும்பாலோர் மாறிய இடத்திலேயே நின்றார்கள். ஒத்த கருத்துள்ள கணவரும் நண்பர்களும் அமைந்தவர்களிடம் அது உறுதியாக இருந்தது. கற்றது நிலைப்பதற்கு, பிறகு வாய்க்கும் சூழலும் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் 1965-ன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை நடத்தியவர்கள் கல்லூரி மாணவர்கள். இரண்டே வருடத்தில், 1967-ல், ஆட்சி மாறியது. அந்த வயதில் அந்த வருடத்தைக் கடந்தவர்களுக்கு மொழி என்பது மற்ற எந்தப் பிரச்சினையையும் விட ஏன் முன்னால் நிற்கிறது என்பதற்கு இந்த வயதுக் கணக்கு ஒரு விளக்கம்.

‘பென்னிங்டனுக்கு ஏற்கெனவே மாற வாய்ப்புள்ள பெண்கள்தானே வந்து சேர்ந்திருப்பார்கள்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சூழலை ஆள் தேர்ந்தெடுத்தால், விளைவு ஆளுடையதா சூழலுடையதா என்று பிரிக்க முடியாது. இதை அவிழ்க்க, ஆளைக் கேட்காமல் சூழல் தலையில் விழுந்த சம்பவம் வேண்டும்.

1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் அது நடந்தது. வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க, வருடத்தின் 366 தேதிகளையும் குப்பிகளில் போட்டு ஒரு கண்ணாடிக் கலனிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்தவர்களுக்கு எண் 1. அவர்கள் முதலில் போக வேண்டும். இறுதியில் 195 வரை அழைக்கப்பட்டது. (குப்பிகளைச் சரியாகக் குலுக்கவில்லை, வருடக் கடைசியில் பிறந்தவர்களுக்குச் சிறிய எண்களே அதிகம் விழுந்தன. ஆனாலும் டிசம்பரில் பிறந்ததற்கும் கட்சிக்கும் சம்பந்தம் இல்லாததால் ஆய்வுக்குக் குந்தகமில்லை.) மரபணு, வீடு, பள்ளி எதையும் பார்க்காத சீட்டு அது.

1965-ல் பேட்டி எடுக்கப்பட்ட அதே மாணவர்களில் இந்தக் குலுக்கலில் மாட்டியவர்களைப் பிரித்துப் பார்த்தார்கள். சிறிய எண் விழுந்தவர்கள், போருக்குப் போகாதவர்கள்கூட, போர் எதிர்ப்பின் பக்கமும் முற்போக்குப் பக்கமும் நகர்ந்திருந்தார்கள். 1969-க்கு முன் வைத்திருந்த கட்சிப் பற்று அவர்களிடம் தளர்ந்திருந்தது. 1997-ல் கேட்டபோதும் அந்தத் தடம் இருந்தது. உலுக்கிப் பார்த்தது ஒரு சீட்டு. அதன் தடம் இருபத்தெட்டு வருடம்.

பெரிய அளவில் இதையே ஜெர்மனியில் பார்க்கலாம். ஒரே மக்கள், நடுவில் கோடு; கிழக்கே கம்யூனிச ஆட்சி, மேற்கே சந்தைப் பொருளாதாரம். 1990-ல் கோடு அழிந்த பிறகும், அரசுதான் குடிமக்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று கிழக்கில் வளர்ந்தவர்கள் மேற்கத்தியரைவிட அதிகமாக நம்பினார்கள். 2007-ல் வந்த ஒரு பொருளாதார ஆய்வு, இந்த இடைவெளி மறைய ஒன்று அல்லது இரண்டு தலைமுறை, 20 முதல் 40 வருடம், ஆகலாம் என்று கணித்தது.

மிச்சம் 35 சதவீதம் சுதந்திரமா?

‘மரபணு 40, வீடு 25, போகட்டும், மிச்சமிருக்கும் 35 என் சொந்த முடிவு’ என்று வாசிக்க ஆசையாக இருக்கும். முன்பு சொன்னதை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். தனிச்சூழலில் இருப்பது வாத்தியார், நோய், குலுக்கல் சீட்டு, கேள்வித்தாள் பிழை. சுதந்திரம் என்ற தலைப்பில் அந்தக் கணக்கில் கட்டமே கிடையாது. பிறவி, வளர்ப்பு இரண்டுக்கும் பக்கத்தில் தேர்வை மூன்றாவது பங்காளியாக உட்காரவைப்பதே பிசகு. முதல் இரண்டும் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில். தேர்வு என்பதோ, வந்ததை என்ன செய்கிறோம் என்பதைப் பற்றியது.

அதையும் நாம் நினைக்கும் அளவுக்குச் செய்வதில்லை. 2010 ஸ்வீடன் தேர்தலுக்கு முன் ஆய்வாளர்கள் தெருவில் நின்று, இரண்டு கூட்டணிகளும் மோதும் கேள்விகளைக் கொடுத்து வாக்காளர்களின் பதிலை எழுதி வாங்கினார்கள். பிறகு கைத்தந்திரத்தால், எதிர்க்கூட்டணிப் பதில்கள் கொண்ட தாளை அதே கையெழுத்துச் சாயலில் மேலே ஒட்டித் திருப்பிக் கொடுத்து, ‘ஏன் இப்படிச் சொன்னீர்கள்?’ என்று கேட்டார்கள். மாற்றிய பதில்களில் அதிகபட்சம் 22 சதவீதத்தைத்தான் அவர்கள் கண்டுபிடித்தார்கள். மற்றவற்றுக்கு, தாங்கள் சொல்லாத கருத்துக்கு, தாங்களே காரணம் அடுக்கினார்கள். கூட்டிப் பார்த்த மொத்த மதிப்பெண்ணை 92 சதவீதம் பேர் தங்களுடையது என்றே ஒப்புக்கொண்டார்கள்.

அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடந்த, 2003-ல் வெளியான சோதனையில், ஒரே நலத்திட்டத்தைச் சிலரிடம் ‘உங்கள் கட்சி ஆதரிக்கிறது’ என்றும் சிலரிடம் ‘எதிர்க்கட்சி ஆதரிக்கிறது’ என்றும் சொன்னார்கள். திட்டம் தாராளமானதா கறாரானதா என்பது கட்சிப் பெயரின் முன் எடுபடவில்லை. கேட்டால், திட்டத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்துத்தான் முடிவெடுத்ததாகச் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார்கள். டீக்கடையில் ‘நான் யோசிச்சுத்தான்’ என்பவரும் பொய் சொல்லவில்லை.

அப்படியானால் தேர்வு எங்கே?

காரணம் இருக்கிறது என்பதாலேயே ஒரு நம்பிக்கை அடிமைத்தனமாகிவிடாது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை வாத்தியார் மனப்பாடம் செய்யவைத்தார். அதனால் அது தப்பாகிவிடவில்லை. கூழாங்கல்லை அடுக்கி நாமே சரிபார்த்துக்கொள்ள முடியும். எதிர் ஆதாரம் வந்தால் அசையுமா, அசையாதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அசையும் என்பதற்குச் சான்று உண்டு, அதற்கு முன்னால் ஒரு மோசடியும் உண்டு. வீடு வீடாகப் போய் ஒருமுறை பேசினாலே மனம் மாறுகிறது என்று 2014-ல் சயின்ஸ் இதழில் வந்த கட்டுரை, தரவு நம்பத்தகாதது என்று தெரிந்து 2015-ல் திரும்பப் பெறப்பட்டது. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்த இளம் ஆய்வாளர்களே மயாமி நகரில் ஒழுங்கான சோதனையை நடத்தி 2016-ல் வெளியிட்டார்கள். திருநர் உரிமை பற்றிச் சுமார் பத்து நிமிட உரையாடல். பேசப் போனவர் வாதாடக் கூடாது. வீட்டுக்காரரை, தான் வித்தியாசமாக நடத்தப்பட்ட ஒரு சம்பவத்தை நினைவுகூரச் சொல்ல வேண்டும். எதிர்ப்புணர்வு குறைந்தது, மூன்று மாதம் கழித்தும் குறைந்தே இருந்தது. எல்லோரும் மாறவில்லை, சிலர்தான். ஆனாலும் அது பத்து நிமிடத்தில் நடந்தது.

மாற்றம் எந்த அடுக்கில் நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிரிவினைக் கோரிக்கையோடு தேர்தலில் நிற்க முடியாதபடி 1963-ல் அரசியல் சட்டத்தின் 16-ஆவது திருத்தம் வந்ததும், அண்ணா தலைமையிலான தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. கோரிக்கைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றும் அண்ணா சொன்னார். நிலைப்பாடு மாறியது, அதற்கு அடியில் இருந்த உணர்வு மாநில சுயாட்சி என்ற வேறு வடிவம் எடுத்தது. இதைத் தேர்வு என்பதா, நிர்ப்பந்தம் என்பதா? இரண்டும்தான். நிஜ வாழ்க்கையில் இந்த இரண்டும் தனித்தனிப் பாத்திரத்தில் கிடைப்பதில்லை.

அந்த 40-ஐ இங்கே ஒட்டலாமா?

முடியாது. எண் கூட்டத்துக்குரியது என்று பார்த்தோம். அந்த ஐந்து நாட்டுப் பட்டியலில் இந்தியா இல்லை. கேள்விகளும் நம்முடையவை அல்ல. அமெரிக்காவில் கடவுள், வரி, துப்பாக்கி என்று எந்தக் கேள்விக்கு ஒருவர் பதில் சொன்னாலும் மற்றவற்றை ஓரளவு ஊகிக்கலாம். அதனால் ‘பழமைவாதம் முற்போக்கு’ என்று ஒரே கோலில் எல்லோரையும் அளக்க முடிகிறது. இங்கே தினமும் கோயிலுக்குப் போகும் அம்மா, இட ஒதுக்கீடு வேண்டும் என்பார், மதுக்கடையை மூடு என்பார், இலவசப் பேருந்து நல்லது என்பார், மகளின் கல்யாணத்தில் மட்டும் சாதி பார்ப்பார். அவரை அந்தக் கோலில் எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்யாமல், அதில் எத்தனை சதவீதம் பிறவி என்று கேட்க முடியாது. கோலை முதலில் இங்கிருந்து செய்ய வேண்டும்: மொழி, சாதி, இட ஒதுக்கீடு, மது, மத்திய மாநில உறவு என்று நம் ஊர்க் கேள்விகளை வைத்து. இரட்டையர்களைத் தேடிப்போவது அதற்குப் பிறகுதான்.